பட்டம் யாருக்கு?

மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. ஒரு சமயம் கற்றுக்கொள்ள முயன்றேன். மூன்றாம் நாள், சாலையோரத்தில் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு தென்னை மரத்துக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் ஏற்பட்டது. மரம் சௌக்கியமாகவே இருக்கிறது. அன்று முதல் பின் ஆசனமே நமக்கு ஏற்றது என்று தீர்மானம் செய்துவிட்டேன்.

பின் ஆசனத்தில் உட்காருகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சாலையைப் பற்றிய கவலை அவனுக்கு இல்லை. முன்னால் தொங்கும் சிறு கண்ணாடியில், ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். இந்த வாரம் நான் சொல்லப் போவதும் வண்டிகளின் கதை அல்ல. அப்படிச் சில முகங்களின் கதைதான். 1939-ம் வருஷத்தில் ஐரோப்பாவில் நடந்தது. அந்த வருஷத்தோடு ஒரு பெரிய பந்தய வரிசையே நின்று போயிற்று. அந்தக் கடைசி வருஷத்தில் பட்டம் பெற்றவர் யார் என்று கேட்டால், இன்று வரையில் ஒரு முகமான பதில் கிடையாது.

பாரிஸ் நகரில் மோட்டார்க் கழகங்களின் சர்வதேச சங்கம் ஒன்று இருந்தது. 1931-லும் 1932-லும், பிறகு 1935 முதல் வருஷந்தோறும், அந்தச் சங்கம் ஐரோப்பாவின் 'கிராண்ட் பிரீ' பந்தயங்களுள் முக்கியமான சிலவற்றை ஒரு வரிசையாகக் கோத்து, எல்லாவற்றிலும் சேர்த்துச் சிறந்து விளங்கியவருக்கு 'ஐரோப்பியச் சாம்பியன்' என்ற பட்டத்தை அளித்து வந்தது. பந்தய வண்டி என்றதும் நாம் தெருவில் பார்க்கும் காரை நினைத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட உலோகக் குழாய் ஒன்று. அதற்கு வெளியே மூடி எதுவுமில்லாமல் துருத்திக்கொண்டு நிற்கும் நான்கு சக்கரங்கள். நடுவில் ஒரு குழி. குழியில் ஒரு மனிதர். தலைக்குத் துணிக் குல்லாய், கண்ணுக்குக் கண்ணாடி, அவ்வளவுதான் கவசம். 1938 முதல் அமலில் இருந்த விதிப்படி, காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி பொருத்திய இஞ்சின் 3 லிட்டருக்கு மேற்படக் கூடாது. ஜெர்மானியர் அந்த 3 லிட்டருக்குள்ளேயே 450 குதிரைச் சக்திக்கு மேல் கறந்தார்கள். நேர்ச் சாலையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வரையில் பறந்தார்கள்.

அந்நாளில் ஒவ்வொரு தேசத்து வண்டிக்கும் ஒரு வர்ணம் உண்டு. இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம், இங்கிலாந்துக்குப் பச்சை. ஜெர்மனியின் வண்டிகள் வெள்ளி நிறம். மெர்ஸிடிஸ்-பென்ஸ், ஆட்டோ யூனியன் என்ற இரண்டு ஜெர்மன் கம்பெனிகளுக்கும் ஹிட்லரின் அரசாங்கம் பண உதவி செய்தது. 1935 முதல் பட்டம் ஒரு வருஷங்கூட அந்தத் தேசத்தை விட்டு வெளியே போகவில்லை. ருடால்ப் கராச்சியோலா மூன்று தடவையும், பெர்ன்ட் ரோஸ்மேயர் ஒரு தடவையும் அதைப் பெற்றார்கள். முன்பு பிரபுக்களும் பணக்காரர்களும் பொழுதுபோக்காக நடத்தி வந்த விளையாட்டு, கொடியும் கீதமும் இராணுவ அணிவகுப்புமாகத் தேசத்தின் மான விஷயமாகிவிட்டது.

வர்ணம் தேசத்தினுடையது; சரி. உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் எந்தத் தேசத்தவர்? அங்கேதான் வேடிக்கை.

1939-ல் ஆட்டோ யூனியனின் தலைமைச் சாரதி ஓர் இத்தாலியர். மெர்ஸிடிஸ் கோஷ்டியில் ஓர் ஆங்கிலேயர் இருந்தார். ஜெர்மன் கிராண்ட் பிரீயில் இத்தாலியின் சிவப்பு மாஸராட்டியில் ஏறி வந்து ஜெர்மானியரைக் கலக்கியவர் பால் பீட்ஷ் என்ற ஜெர்மானியர்! தேச பக்தியை அளப்பதற்கு மோட்டார்ப் பந்தயம் அவ்வளவு நல்ல தராசல்ல என்று தோன்றுகிறது.

அந்த இத்தாலியர் டாஸியோ நுவோலாரி. மாந்துவாவைச் சேர்ந்தவர்; குள்ளமான, ஒல்லியான தேகம். கவி டானுன்ஸியோ அவருக்குத் தங்கத்தில் செய்த ஆமை ஒன்றைப் பரிசளித்தார். உலகத்தில் மிக வேகமான மனிதருக்கு மிக மந்தமான பிராணி! நுவோலாரி அதைச் சட்டையில் அணிந்துகொண்டே பந்தயம் ஓட்டினார். 1935-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் மைதானத்தில், பழைய ஆல்பா ரோமியோ ஒன்றை வைத்துக்கொண்டு அத்தனை ஜெர்மன் வண்டிகளையும் ஜயித்து, இத்தாலியர் கண்ணுக்குத் தெய்வமாய் விளங்கியவர் அவர். அப்பேர்ப்பட்டவர் எப்படி ஜெர்மன் வண்டியில் ஏறினார்? 1938 ஏப்ரலில் பிரான்ஸிலுள்ள போ நகரத்தில், பந்தயத்துக்கு முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கையில், அவருடைய ஆல்பா ரோமியோ தீப்பற்றிக்கொண்டது. காயங்களோடு தப்பிய நுவோலாரி, இனி அந்தக் கம்பெனி வண்டியில் காலை வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

அதே சமயத்தில் ஆட்டோ யூனியன் கம்பெனி ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. அதன் இணையற்ற சாரதியான ரோஸ்மேயர் அந்த வருஷம் ஜனவரி 28-ந் தேதி, பிராங்க்பர்ட் அருகே நெடுஞ்சாலையில் வேகச் சாதனைக்கு முயன்றபோது மாண்டு போனார். ஆட்டோ யூனியன் வண்டியில் இஞ்சின் சாரதிக்குப் பின்னால் இருந்தது. முன்னால் இஞ்சின் வைத்த வண்டிகளிலேயே பழகியவர்களுக்கு அது லேசில் பிடிபடாது. வளைவில் வால் பக்கம் வழுக்கத் தொடங்குவதைச் சாரதி உணர்வதற்குள் காரியம் மிஞ்சிவிடும். நாற்பத்தைந்து வயதான நுவோலாரி அதில் ஏறினார். இரண்டே மாதத்தில் அதன் குணத்தைத் தெரிந்துகொண்டார். செப்டம்பரில் இத்தாலியிலும் அக்டோபரில் இங்கிலாந்திலும் வெற்றி பெற்றார். ஆக, ஒரு தீ விபத்தும் ஒரு மரணமும் சேர்ந்து செய்த மாற்றம் அது. கம்பெனி மாறுகிறவர்கள் எல்லாரும் பணத்துக்காகவே மாறுகிறார்கள் என்று சொல்லும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி மெர்ஸிடிஸ் கோஷ்டிக்கு வருவோம். கோஷ்டியின் தலைவர் ஆல்ப்ரெட் நியூபவர். (ஜெர்மானியர் உச்சரிக்கிறபடி அவர் பெயரை எழுதினால் தமிழில் அது 'நோய்' என்று ஆரம்பமாகும். கம்பீரமும் கனத்த சரீரமும் படைத்த அம்மனிதருக்கு அது பொருந்தாது. ஆகையால் நியூபவர் என்றே வைத்துக்கொள்வோம்.) அவருக்குக் கீழே நால்வர்: மூன்று முறை சாம்பியனான கராச்சியோலா, இராணுவப் பிரபு குடும்பத்தில் பிறந்த மான்பிரெட் வான் பிரௌகிட்ச், ஹெர்மன் லாங், ஆங்கிலேயரான ரிச்சர்ட் ஸீமன்.

லாங் அந்தக் கோஷ்டிக்கு வந்தது சாரதியாக அல்ல, மெக்கானிக்காக. பிறர் ஓட்டும் வண்டிக்கு எண்ணெய் போட்டு, திருகு முடுக்கி, சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தவர். வேகம் இவர் கையில் இருப்பதைக் கண்டு வண்டியைக் கொடுத்தார்கள். கொடுத்ததும் முதலாளி வர்க்கத்துக்கு மனம் வரவேண்டுமே! ஒரு நாள் ஹோட்டலில் பிரௌகிட்ச், தமக்கும் கராச்சியோலாவுக்கும் ஷாம்பேன் கொண்டுவரச் சொல்லிவிட்டு, லாங்குக்கு மட்டும் பீர் கொண்டுவரச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. பந்தியில் இலை போட்டுப் பாயசத்தை மட்டும் தாண்டிக்கொண்டு போவது நம் நாட்டில் மட்டும் இல்லை என்று அறிந்து ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 1939-ல் லாங்கைத் தாண்டிப் போக ஒருவராலும் முடியவில்லை. ஏப்ரலில் போ நகரத்தில் வெற்றி. மே மாதத்தில் திரிப்பொலியில் வெற்றி. அதே மாதம் நூர்பர்க்ரிங்கில் ஐபல் பந்தயத்தில் வெற்றி. கராச்சியோலாவுக்கு இது பொறுக்கவில்லை. நல்ல இஞ்சின்களை லாங்குக்கே கொடுக்கிறார்கள் என்று கம்பெனியிடம் குறை கூறினார். வெளியே எதிரி இருக்க, கோஷ்டிக்குள்ளேயே ஒரு சண்டை புகைந்துகொண்டிருந்தது.

திரிப்பொலியைப் பற்றி ஒரு வார்த்தை. அது அப்போது இத்தாலியின் ஆதிக்கத்திலிருந்த லிபியாவில் இருக்கிறது. ஜெர்மானியரிடம் தோற்றுச் சலித்துப்போன இத்தாலியர், 1939-ல் தங்கள் பந்தயங்களில் 1½ லிட்டர் வண்டிகளே ஓடலாம் என்று விதியை மாற்றினார்கள். அந்த அளவில் ஜெர்மானியரிடம் வண்டியே கிடையாது. நல்ல தந்திரந்தான். ஆனால் மெர்ஸிடிஸ் கம்பெனி எட்டு மாதத்துக்குள் இரகசியமாகப் புதிய வண்டிகளைச் செய்துகொண்டு போய் நிறுத்தி, முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் தட்டிக்கொண்டு வந்துவிட்டது. இந்தப் பந்தயம் பட்டத்துக்குரிய வரிசையில் சேர்ந்ததல்ல. ஆகையால் இதோடு விட்டுவிடுகிறேன்.

ரிச்சர்ட் ஸீமனின் கதையைத்தான் அப்படி விட்டுவிட முடியவில்லை. 1913-ல் பிறந்தவர், செல்வக் குடும்பம். இங்கிலாந்தில் அப்போது ஜெர்மானியருக்கு ஈடான கிராண்ட் பிரீ வண்டி செய்வார் இல்லை. திறமை இருக்கிறது, தகுந்த வண்டி இல்லை. 1937-ல் மெர்ஸிடிஸ் கம்பெனி அழைத்தது, போனார். 1938 ஜூலையில் ஜெர்மன் கிராண்ட் பிரீயையே ஜயித்தார். இலட்சக்கணக்கான ஜெர்மானியர் முன்னிலையில், கழுத்தில் மாலையோடு, ஒரு பக்கம் நாஜி அதிகாரிகளும் மறு பக்கம் கம்பெனிக்காரர்களும் நிற்க, ஸீமன் கையைப் பாதி உயர்த்தியும் உயர்த்தாமலும் சலாம் செய்கிற புகைப்படம் ஒன்று இருக்கிறது. அந்தக் கையைப் பார்த்தாலே அவர் மனத்தில் நடந்த போராட்டம் தெரிகிறது. இந்த வெற்றி ஓர் ஆங்கில வண்டிக்குக் கிடைத்திருக்கலாகாதா என்று அவர் பிற்பாடு சொன்னதாகக் கூறுவார்கள்.

அந்த வருஷம் செப்டம்பரில் மூனிச் நெருக்கடி. டானிங்டன் பந்தயத்துக்காக இங்கிலாந்து வந்திருந்த ஜெர்மன் கோஷ்டிகள், யுத்தம் வந்துவிட்டதென்று மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டன; சமாதானம் என்றதும் அக்டோபரில் திரும்பி வந்து ஓடின. டிசம்பரில் ஸீமன், ஜெர்மன் கம்பெனி ஒன்றின் தலைவருடைய குமாரியான எரிக்கா பாப் என்ற பெண்ணை விவாகம் செய்துகொண்டார். தாயாருக்குச் சம்மதமில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சு வார்த்தை நின்றது. யுத்த மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த நிலைமையில் ஜெர்மன் வண்டியை ஓட்டுவது சரியா என்று ஸீமன் தம் நாட்டுப் பெரியவர்கள் சிலரைக் கலந்தார். ஒப்புக்கொண்ட உடன்படிக்கையைக் காப்பாற்றும்படி அவர்கள் சொன்னார்கள். இருந்துவிட்டார்.

இருந்தும், 1939 தொடக்கத்தில் அவருக்கு ஓட்ட வாய்ப்பே சரியாகக் கிடைக்கவில்லை. போ நகரத்தில் அவர் ஓட்டவில்லை. திரிப்பொலிக்குப் போனவை இரண்டே வண்டிகள், அவை மற்றவர்களுக்கு. ஐபல் பந்தயத்தில் வண்டி ஆரம்பத்திலேயே பழுதாகி நின்றது. ஜூன் 25-ந் தேதி பெல்ஜியத்தில் ஸ்பா என்ற இடத்தில் பந்தயம். பட்டத்துக்குரிய நான்கு பந்தயங்களில் அதுவே முதலாவது. காட்டு வழியாகப் போகும் சாலை, நல்ல மழை. கராச்சியோலா ஒரு வளைவில் சுழன்று நின்றுவிட்டார். ஸீமன் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து முதலிடத்துக்கு வந்தார். பின்னால் வருகிறவருக்கும் தமக்கும் நல்ல இடைவெளி இருந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. இருபத்திரண்டாவது சுற்றில், ஈரத் தரையில் வண்டி நழுவி ஒரு மரத்தில் மோதிற்று; உடனே தீப்பற்றிக்கொண்டது. ஒரு பெல்ஜிய அதிகாரி தீக்குள் புகுந்து அவரை வெளியே இழுத்தார். அன்றிரவு ஆஸ்பத்திரியில் ஸீமன் உயிர் துறந்தார். தவறு தம்முடையதே என்று கடைசியில் நியூபவரிடம் சொன்னாராம். வயது இருபத்தாறு.

லண்டனில் அவரை அடக்கம் செய்தபோது வந்த மலர் வளையங்களில் ஒன்று ஹிட்லர் அனுப்பியது. பத்து வாரத்துக்குள் இரண்டு தேசங்களுக்கும் யுத்தம் மூண்டது. இருந்திருந்தால் ஸீமன் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று கேட்பது அநாவசியம், ஆங்கிலேயராகவே நின்றிருப்பார். ஆனால் மனைவியையும், தாயாரையும், தமக்கு வெற்றி தந்த வண்டியையும் வைத்துக்கொண்டு எப்படி நின்றிருப்பார் என்றுதான் நான் நினைத்துப் பார்ப்பது.

பந்தயத்தை அவர்கள் நிறுத்தவில்லை. லாங் வெற்றி பெற்றார்.

இரண்டாவது பந்தயம் ஜூலை 9-ந் தேதி, பிரான்ஸில் ரீம்ஸ் நகரத்தில். மெர்ஸிடிஸ் கோஷ்டிக்கு இது கெட்ட நாள். கராச்சியோலா முதற் சுற்றிலேயே மோதிக்கொண்டார். மற்ற இருவரின் இஞ்சின்களும் பழுதாயின. முதலில் வந்தது ஆட்டோ யூனியனின் ஹெச். பி. முல்லர், இரண்டாவது, அதே கம்பெனியின் ஜார்ஜ் மையர். இருவரும் மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்தவர்கள். ரோஸ்மேயரும் அப்படி வந்தவரே என்பதால், அந்தப் பின் இஞ்சின் வண்டிக்கு மோட்டார் சைக்கிள்காரர்களே ஏற்றவர்கள் என்று கம்பெனி நம்பியது. மையர் அதற்கு முந்தின மாதந்தான் இங்கிலீஷ்காரர்களின் மான் தீவுக்குப் போய், அவர்களுடைய பெரிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தை ஜயித்துவிட்டு வந்திருந்தார். ரீம்ஸில் எண்ணெய் போடும்போது தீப்பற்றிக் கையைச் சுட்டுக்கொண்டும் அவர் இறங்கவில்லை.

முல்லர் என்ற பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நுவோலாரியைப் போலப் புகழ் பெற்றவர் அல்ல; லாங்கைப் போல எதிரில்லாதவரும் அல்ல. ஆனால் வண்டியை முடிவு வரையில் கொண்டு சேர்க்கத் தெரிந்தவர். குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தால் அவர் அருமை யாருக்கும் தெரியாது. கணக்குப் பார்க்கும்போது தெரியும்.

மூன்றாவது, ஜூலை 23-ல் ஜெர்மன் கிராண்ட் பிரீ. ஸீமன் போன இடத்தில் ஹைன்ஸ் பிரெண்டல் என்ற புதியவரை ஏற்றியிருந்தார்கள். லாங்கின் வண்டி தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அக்காலத்தில் ஒருவர் வண்டியை நடுவில் நிறுத்தி மற்றொருவர் ஏறி ஓட்டுவது அநுமதிக்கப்பட்ட வழக்கம். ஆகவே பிரெண்டலை இறக்கிவிட்டு லாங்கை ஏற்றலாமென்று பார்த்தார்கள். பிரெண்டல் திரும்பி வருவதற்குள் சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்துவிட்டார்! மழையில் நிகரற்றவரான கராச்சியோலா அன்று தம் ஆறாவது ஜெர்மன் கிராண்ட் பிரீ வெற்றியைப் பெற்றார். முல்லர் இரண்டாவது. சிவப்பு மாஸராட்டியில் சற்று நேரம் முதலிடத்திலேயே ஓடிய பீட்ஷ் மூன்றாவது.

நான்காவது, ஆகஸ்ட் 20-ந் தேதி, ஸ்விட்ஸர்லாந்தில் பெர்ன் நகரத்தருகே. லாங் முதல், கராச்சியோலா இரண்டாவது, பிரௌகிட்ச் மூன்றாவது, முல்லர் நான்காவது. ஆல்பா ரோமியோவின் சின்னஞ்சிறு 1½ லிட்டர் வண்டி ஒன்றில் கியூஸெப்பே பாரினா என்ற இத்தாலியர், இரு மடங்கு பெரிய வண்டிகளுக்கு நடுவே புகுந்து சில சுற்றுகள் இரண்டாவதாக ஓடியதைப் பார்த்து ஜனங்கள் அதிசயித்தார்கள். செப்டம்பரில் இத்தாலியில் ஒரு பந்தயம் பாக்கி. அதற்குள் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்துவிட்டன. இத்தாலியப் பந்தயம் ரத்தாயிற்று. பட்டத்துக்கான வரிசை அத்துடன் முடிந்தது.

முடிந்தது என்கிறேன், ஆனால் செப்டம்பர் 3-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை யூகோஸ்லாவியாவின் தலைநகரான பெல்கிரேடில் ஒரு பந்தயம் நடக்கத்தான் நடந்தது. பட்டத்தைச் சேர்ந்ததல்ல. அன்று காலை பிரிட்டனும் மாலையில் பிரான்ஸும் ஜெர்மனி மீது யுத்தப் பிரகடனம் செய்தன. அதே மாலை, கலெமெக்டான் கோட்டைப் பூங்காவைச் சுற்றிய தெருக்களில் ஐந்தே வண்டிகள் நின்றன. நான்கு வெள்ளி வண்டிகள்: லாங், பிரௌகிட்ச், முல்லர், நுவோலாரி. ஐந்தாவது, உள்ளூர்க்காரரான பொஷ்கோ மிலென்கோவிச்சின் பழைய புகாட்டி.

அன்று காலையில் பிரௌகிட்ச் ஊரை விட்டுப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டதாகவும், தாம் ஓடிப்போய் அவரை இறக்கி அழைத்து வந்ததாகவும் நியூபவர் பிற்காலத்தில் எழுதிய புத்தகத்தில் சொல்கிறார். நியூபவர் கதை சொல்லுவதில் சமர்த்தர். எவ்வளவு கொள்ளலாம் என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பந்தயத்தில் லாங்கின் கண்ணாடியை ஒரு கல் வந்து உடைத்தது, அவர் இறங்கினார். பதிலுக்கு ஏறிய பாய்மர் வண்டியை மோதிவிட்டார். ஐம்பது சுற்றும் முடிந்தபோது முதலில் வந்தவர் நுவோலாரி. யுத்தம் தொடங்கிய நாளில் ஜெர்மனியின் வெள்ளி வண்டிக்கு வெற்றி தேடித் தந்தவர் ஓர் இத்தாலியர். மிலென்கோவிச் பத்தொன்பது சுற்றுகள் பின்தங்கி நான்காவதாக வந்தார். என் அனுதாபமெல்லாம் அவரிடந்தான். உலகத்தின் மிக வேகமான நால்வர் தம்மைத் திரும்பத் திரும்பக் கடந்து போவதைப் பொறுமையாய்ப் பார்த்துக்கொண்டு, தம் ஊர்த் தெருவில் தம் வண்டியை ஓட்டி முடித்தாரல்லவா? ஒன்றரை வருஷத்தில், 1941 ஏப்ரலில், அந்த நகரத்தின் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தன.

இப்போது கணக்குக்கு வருவோம். சங்கத்தின் கணக்கு முறை நம் பள்ளிக்கூடத்துக்கு நேர்விரோதமானது. குறைந்த எண் வாங்கினவரே கெட்டிக்காரர். முதலில் வந்தவருக்கு 1, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 3, அதற்குப் பின் வந்தவர்களுக்கு 4. நடுவில் நின்று போனவர்களுக்கு, எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்பதைப் பொறுத்து 5 முதல் 7 வரையில். கூட்டிப் பார்த்தால் முல்லருக்கு 12, லாங்குக்கு 14, கராச்சியோலாவுக்கு 17. நான்கில் இரண்டை ஜயித்த லாங் தோற்றார். ஒன்றே ஜயித்த முல்லர் பட்டத்துக்கு உரியவர்! காரணம், லாங் மற்ற இரண்டிலும் பாதி வழியில் நின்றுவிட்டார். முல்லரோ நான்கில் மூன்றை முடித்திருந்தார்.

ஆனால் சங்கம் கூடிப் பட்டத்தை அறிவிக்கவே இல்லை. அங்கத்தினர்களே ஒருவரோடொருவர் யுத்தத்தில் இருக்க, யார் எங்கே கூடுவது? வருஷம் முடிவதற்குள் ஜெர்மனியின் மோட்டார் விளையாட்டு அதிகாரியான ஹூன்லைன், லாங்தான் ஐரோப்பியச் சாம்பியன் என்று தாமே பிரகடனம் செய்துவிட்டார். எந்த விதியின்படி என்று அவரைக் கேட்கிறவர்கள் அப்போது ஜெர்மனியில் இல்லை. கணக்கு முறையை மாற்றுவதாகச் சங்கத்திலே யோசனை இருந்தது, புதிய முறைப்படி லாங்குக்கே பட்டம் என்று வாதிப்பவர்களும் உண்டு. இது இன்னும் முடியாத வழக்கு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்த வருஷத்தின் மிகச் சிறந்த சாரதி லாங் என்பதில் சந்தேகமில்லை. அந்த வருஷத்தின் பெரிய பந்தயங்களில் ஐந்தை ஜயித்தவர் அவர். ஷாம்பேன் மறுக்கப்பட்ட மெக்கானிக்குக்குப் பட்டம் கிடைக்க வேண்டுமென்று மனம் ஆசைப்படுகிறது. ஆனால் ஆட்டம் தொடங்கும்போது இருந்த விதிப்படி பட்டம் முல்லருடையது. ஆட்டம் முடிந்த பிறகு அதிகாரி ஒருவர் வந்து வேறு பெயரை வாசித்தால், அது லாங்குக்கும் கௌரவமல்ல.

யுத்தம் எல்லாரையும் சிதற அடித்தது. கராச்சியோலா ஸ்விட்ஸர்லாந்தில் லுகானோவில் தங்கிவிட்டார். ஆட்டோ யூனியனின் ருடால்ப் ஹாஸே 1942-ல் கிழக்குப் போர்முனைப் பக்கத்தில் நோயுற்று மாண்டார். 1938-ல் போ நகரத்தில் நீல டெலாஹே வண்டியில் மெர்ஸிடிஸையே தோற்கடித்த ரெனே டிரைபஸ் யூத வம்சத்தவர். 1940-ல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்குப் போனவர், பிரான்ஸ் வீழ்ந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். பிற்காலத்தில் நியூயார்க்கில் ஹோட்டல் நடத்தினார். பிரௌகிட்ச் 1950-களின் மத்தியில் மேற்கு ஜெர்மனியை விட்டுக் கம்யூனிஸ்டுகளின் கிழக்கு ஜெர்மனிக்குக் குடியேறினார். ஆட்டோ யூனியன் தொழிற்சாலை இருந்த ஸ்விக்காவ் நகரம் ருஷ்யர் கையில் அகப்பட்டது. பந்தய வண்டிகளை அவர்கள் கொண்டு போய்விட்டார்கள். நுவோலாரி 1953-ல் காலமானார். லாங் 1952-ல் மறுபடியும் மெர்ஸிடிஸ் வண்டியில் ஏறி, பிரிட்ஸ் ரீஸ் என்ற கூட்டாளியோடு பிரான்ஸின் லெ மான் இருபத்து நாலு மணிப் பந்தயத்தை ஜயித்தார்.

பெர்னில் ஜனங்களை அதிசயிக்கச் செய்த அந்தச் சின்ன ஆல்பா ரோமியோவுக்கு யோகம் இருந்தது. 1950-ல் ஐரோப்பியப் பட்டத்துக்குப் பதிலாக உலகச் சாம்பியன் பட்டம் ஏற்பட்டபோது, முதல் உலகச் சாம்பியனானவர் பாரினா. வண்டி அதே ஜாதி.

முல்லரோ, வந்த வழியே மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிப் போனார். 1955-ல், நாற்பத்தைந்தாவது வயதில், சொந்த முயற்சியில் ஓட்டிய என்.எஸ்.யூ. மோட்டார் சைக்கிளில் 250 ஸி.ஸி. பிரிவின் உலகச் சாம்பியன் பட்டத்தைப் பெற்றார். சங்கமே கூடி, முறையாக அளித்த பட்டம். அதிலும் ஒரு சிறு தகராறு உண்டு. அவருக்குப் போட்டியாயிருந்த பில் லோமாஸ் என்ற ஆங்கிலேயர், ஹாலந்துப் பந்தயத்தில் இஞ்சினை நிறுத்தாமலே பெட்ரோல் நிரப்பிக்கொண்டார் என்று சொல்லி, அவரை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். இந்தத் தடவை விதி முல்லர் பக்கம் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆளும் இருந்தார்கள்.